இரண்டாம் சனிக்கிழமைப் பெட்டி

வலியசாலை, திருவனந்தபுரம்
4 ஆகஸ்ட் 1997

அன்புள்ள ராஜபாய் சிஸ்டருக்கு,

மழையில் மேலே எஸ்டேட்டில் ஃபோன் செத்து மூன்று வாரமாகிறது என்று பஸ் கண்டக்டர் வேதமாணிக்கம் சொன்னார். அதனால்தான் கடிதம். ஏதாவது நல்ல விஷயத்தில் ஆரம்பிக்கலாம் என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நல்ல விஷயம் ஒன்றும் அகப்படவில்லை.

போனக்காட்டிலிருந்து நீங்கள் எடுத்து அனுப்பிய நாற்பத்தொரு மல மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது. ஜனவரியில் உங்கள் கையால் போலியோ சொட்டு குடித்த பிள்ளைகளின் குடலில், ஆறு மாதம் கழித்தும் அந்த நோயை எதிர்க்கும் சத்து நிற்கிறதா என்பதுதானே நம் ஆய்வு. எட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே இருக்கிறது. மற்ற முப்பத்து மூன்று பேருக்கு அநேகமாக எதுவும் இல்லை.

ஊசி மருந்து ரத்தத்தைக் காக்கும். சொட்டு மருந்து குடலையே காக்கும். கிருமி நுழைகிற வாசலிலேயே மறிக்கும். ஆனால் அதற்கு மருந்துக்குள் இருக்கும் பலவீனப்படுத்திய கிருமி உயிரோடு குடலுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் சூடேறிச் செத்துப்போனால் பிள்ளை குடித்தது வெறும் தண்ணீர்தான். அதனால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அன்று குப்பிகளை எப்படி மேலே கொண்டு போனீர்கள்? ஐஸ் எத்தனை மணி வரை இருந்தது? நீலகண்டன் சார் கேட்கச் சொன்னார். ஆய்வு அவருடையது, நான் அவரிடம் வேலை பார்ப்பவள், உங்களுக்குத் தெரியும்.

சீக்கிரம் பதில் போடுங்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சுப்ரியா


போனக்காடு
11 ஆகஸ்ட் 1997

சுப்ரியா மேடம் அவர்களுக்கு ராஜபாய் எழுதுவது.

போன மாதம் வரை ‘மக்களே’ என்று சொந்தப் பிள்ளையைப் போல வாய் நிறையக் கூப்பிட்டவள் இப்போது மேடம் போடுகிறாளே என்று பார்க்கிறீர்களா? என்னிடம் விளக்கம் கேட்டிருப்பது மேடம்தான். அதற்குத் தகுந்த மரியாதை.

கேளுங்கள். விதுரை வரை ஜீப். அங்கிருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ். பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் கடைசி நான்கு கிலோமீட்டர் நடை. பெட்டியை நிழல் இல்லாத இடத்தில் ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை. தலையில் குடை இல்லை, பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். தொழிலாளர் லயத்துப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஐஸ் பாக்கெட்டைத் தொட்டால் விரல் மரத்தது. பதினெட்டு வருஷமாக இந்தத் தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிறேன். பச்சைத் தண்ணீர் கொடுத்தேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இனி நான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ் வராததால் மாதிரிகள் வைத்த இரண்டாவது பெட்டியை மறுநாள் காலை பஸ்ஸில் வேதமாணிக்கத்திடம் கொடுத்துவிட்டேன். ஜூலை 12. இரண்டாம் சனி, ஊரெல்லாம் ஆபீசுக்கு லீவு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நீங்களே வந்து வாங்கிக்கொண்டீர்களாம். உங்கள் லேப் திங்கள்கிழமைதானே திறந்திருக்கும்? நடுவில் இரண்டு நாள் அந்தப் பெட்டி எங்கே இருந்தது?

பதில் எழுத மூன்று தாள் கிழிக்க வேண்டாம். ஒரு வரி போதும்.

ராஜபாய்


வலியசாலை
25 ஆகஸ்ட் 1997

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

பெட்டி பத்திரமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நான் சொல்ல வருவது வேறு. சொட்டு குடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. குடல் சுவரில் அங்கங்கே சில செல்கள் கிருமியைத் தாங்களே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் அடியில் இருக்கிற நிணநீர்த் திட்டுகளில் அந்தக் கிருமியைப் பிடிக்கத் தெரிந்த வெள்ளை அணுக்கள் வாரக்கணக்கில் பழகும். சரியாகப் பிடிப்பவை மட்டும் பெருகும், மற்றவை ஒழிந்துபோகும். தேறியவை ரத்தத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி குடல் சுவருக்கே வந்து குடியேறி, ஐ.ஜி.ஏ. என்கிற எதிர்ப்பொருளைக் குடலுக்குள் சுரந்துகொண்டே இருக்கும். சில அணுக்கள் சுரக்காமல் ஞாபகம் மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். இவ்வளவும் நடந்திருந்தால் மாதிரியில் அந்த எதிர்ப்பொருள் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையே, நான் என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் ஊரில் இல்லாத அன்று நீலகண்டன் சார் முடிவை மாவட்ட ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். ‘மருந்தின் குளிர்ச்சி காக்கப்பட்டதா என்பது சந்தேகம்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான் இல்லை.

சுப்ரியா


போனக்காடு
22 செப்டம்பர் 1997

சுப்ரியா மேடம்,

மெமோ வந்துவிட்டது. விசாரணை டிசம்பர் 18-ஆம் தேதி. அதுவரை நான் எந்தப் பிள்ளைக்கும் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. சப்-சென்டரில் உட்கார்ந்து பஞ்சு சுருட்டிக்கொண்டிருக்கிறேன்.

குடல் பாடம் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக்கு ஒரு வரி, குடலுக்கு ஒரு பக்கம்.

மெமோவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டுவந்த ஜீப் டிரைவர் சாயாக் கடையில் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே கொழுந்து எடை போடும் இடத்தில் விஷயம் பரவியாயிற்று. இரண்டு வயசு ஷிஜுவின் அம்மா அம்மிணி எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தினாள். “சிஸ்டரே, நீங்க கெட்டுப்போன மருந்த குடுத்தீங்களாம்லா? எனக்க கொச்சு அத குடிச்சிட்டு மூணு நாளு வயித்தால போச்சு. நான் உங்கள நம்பியில்லா வாயத் தெறந்து குடுத்தேன்!” என்றாள். அவளுடைய பிரசவம் பார்த்தவள் நான். இந்த லயத்தில் என் பேரைச் சொன்னால் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு இங்கே இருப்பது அது ஒன்றுதான். அதில் கை வைத்துவிட்டீர்கள்.

ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாய் வரவில்லை, ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு குப்பியில் இருபது பேருக்கு மருந்து. முதல் குப்பியில் இருபது, இரண்டாவதில் இருபது, கடைசியாக வந்த ஷிஜு ஒருவனுக்காக மூன்றாவது உடைத்தேன். உங்கள் நல்ல எட்டில் ஐந்து பேர் முதல் குப்பி, மூன்று பேர் இரண்டாவது. கெட்ட முப்பத்து மூன்றில் பதினைந்து பேரும் அதே முதல் குப்பிதான். ஒரே குப்பி, ஒரே மணி நேரம், ஒரே கை. ஐந்து பேருக்கு உயிரோடு இருந்த மருந்து பதினைந்து பேருக்குச் செத்துப்போகுமா?

அந்த எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒன்றுதான் இருக்கிறது. எட்டு மாதிரியும் ஜூலை 9, புதன்கிழமை அனுப்பிய முதல் பெட்டியில் வந்தவை. மற்ற முப்பத்து மூன்றும் இரண்டாவது பெட்டி.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. நீங்கள் படித்தவர்கள்.

ராஜபாய்


வலியசாலை
13 அக்டோபர் 1997

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கணக்கு சரி. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் சரியாகவே வருகிறது.

மாதிரியை மறுபடி எடுக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். “எதுக்கு? முதல்ல பண்ணினதுல என்ன குறை?” என்றார். பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் வேறு வழி ஒன்று இருக்கிறது, அதற்கு அவர் சம்மதித்துவிட்டார்.

டிசம்பர் 7 ஞாயிறு, அடுத்த போலியோ சொட்டு. பிள்ளைகளின் குடலுக்கு அந்தச் சொட்டே ஒரு பரீட்சை. ஜனவரியில் குடித்தது உண்மையிலேயே வெறும் தண்ணீர் என்றால், இந்தக் குடல்களுக்கு அந்தக் கிருமியைத் தெரியாது. அது தாராளமாகப் பெருகி ஏழாம் நாள் மலத்தில் கொட்டும். எதிர்ப்பொருள் ஊற இன்னும் இரண்டு மூன்று வாரமாகும். குடல் ஏற்கெனவே பழகியிருந்தால் நேர்மாறு. கிருமி கால் ஊன்றவே முடியாது. காத்திருந்த அணுக்கள் விழித்துக்கொண்டு ஏழு நாளுக்குள் எதிர்ப்பொருளை ஏராளமாக விட்டிருக்கும். குடலே சாட்சி சொல்லும். ஆறு மாதம் என்ன, வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிறதா என்பதைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

முப்பத்து மூன்று பிள்ளைகளும் அன்று சொட்டு குடிக்க வேண்டும், டிசம்பர் 14 அன்று மாதிரி வேண்டும். அந்தத் தாய்மார்கள் உங்கள் சொல்லைத் தவிர வேறு யார் சொல்லையும் கேட்க மாட்டார்கள். இந்த நிலைமையில் உங்களிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

“ஏண்டி, சாப்பிடாம கொள்ளாம அப்படி என்னத்த எழுதி எழுதிக் கிழிச்சிண்டிருக்கே?” என்று அம்மா வாசல்படியில் நின்று கேட்கிறாள்.

சுப்ரியா


போனக்காடு
10 நவம்பர் 1997

சுப்ரியா மேடம்,

என்னை மருந்தைத் தொடக் கூடாது என்று சொல்லியாயிற்று. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர மட்டும் நான் வேண்டும். நல்ல நியாயம்.

வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன். நான் வீம்பு பிடித்தால் டிசம்பரில் ஒரு பிள்ளையும் சொட்டு குடிக்காது. வேறு நர்ஸ் வந்து வெறும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஆகவே ஒவ்வொரு வீடாக ஏறுகிறேன். சிலர் உட்காரச் சொல்கிறார்கள். சிலர் அடுப்பில் வேலை இருக்கிறது என்கிறார்கள். அம்மிணி நாயை அவிழ்த்து விடவில்லை, அவ்வளவுதான்.

“அந்த மருந்து கெட்டதா நல்லதா, சிஸ்டரே? நீங்களே சொல்லுங்க” என்று ஒருத்தி கேட்டாள். “நல்லதாக்கும்” என்றேன். “பின்ன எதுக்கு உங்கள நிறுத்திப் போட்டாவ?” என்றாள். இதற்குப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மேடம். உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு நிபந்தனை. இந்தத் தடவை பெட்டியை வேதமாணிக்கம் கையில் கொடுக்க மாட்டேன். என் மடியில் வைத்து நானே கொண்டு வருவேன். டிசம்பர் 14-உம் ஞாயிற்றுக்கிழமைதான். லேப் சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நீங்கள் பெட்டியைக் குளிர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப பஸ் ஏறுவேன்.

ராஜபாய்


வலியசாலை
26 டிசம்பர் 1997

அன்புள்ள சிஸ்டர்,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்றில் இருபத்தேழு பிள்ளைகள் சொட்டு குடித்தார்கள். ஏழாம் நாள் கிருமி தெரிந்தது இரண்டே பேருக்கு. மற்ற இருபத்தைந்து குடல்களும் அதை உள்ளே விடவில்லை. எதிர்ப்பொருள் எகிறி நிற்கிறது. முதல் தடவை குடிக்கிற பிள்ளைக்கு ஒரு வாரத்தில் இப்படி வரவே வராது. ஜனவரியில் நீங்கள் கொடுத்த மருந்து உயிரோடுதான் இருந்தது. அந்தக் குடல்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

இனி, ஆகஸ்டிலேயே நான் எழுதியிருக்க வேண்டிய வரி. ‘பெட்டி பத்திரமாக இருந்தது’ என்று எழுதினேனே, அது பொய்.

அந்த இரண்டாம் சனிக்கிழமை லேப் பூட்டியிருந்தது. சாவி நீலகண்டன் சாரிடம், அவர் எர்ணாகுளத்தில். பெட்டியை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மறுநாள் என் அப்பாவின் திதி. ஃப்ரிட்ஜில் திதிக்கான பாலும் தயிரும் இருந்தன. பெட்டியிலிருந்து டப்பாக்களை எடுத்து நன்றாக மூடிக் கட்டி, கீழ்த் தட்டில் வைத்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அம்மா மடி ஆசாரம் பார்ப்பவள்தான், ஆனால் அவள் தடுத்தாள் என்று எழுத முடியாது. நான் அவளைக் கேட்கவே இல்லை. கைப்பிடியைத் தொட்டேன், கை திறக்க மறுத்துவிட்டது. கிருமியைப் பற்றி இத்தனை படித்தவள், லயத்துப் பிள்ளைகளின் மலம் இந்தப் பாலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பெட்டியைக் கொல்லையில் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்த இரண்டு நாளும் மழை இல்லை. சனிக்கிழமை சாயங்காலமே ஐஸ் கரைந்திருக்கும். பக்கத்தில் சாலைக் கடைத்தெருவில் மீன்காரர்களிடம் ஐஸ் கிடைக்கும். ‘போகத் தோன்றவில்லை’ என்று எழுதப் பார்த்தேன். தோன்றியது. மீன் ஐஸை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமே என்று போகவில்லை. மலத்திலேயே எதிர்ப்பொருளை அரித்துத் தின்கிற நொதிகள் உண்டு. சூட்டில் அவற்றுக்குக் கொண்டாட்டம். திங்கள்கிழமை நான் லேப்புக்கு எடுத்துப்போனதில் தேடிப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. முடிவு வந்த அன்றே எனக்குச் சந்தேகம். உங்கள் குப்பிக் கணக்கைப் படித்த அன்று சந்தேகமும் போய்விட்டது. அதற்கு அப்புறமும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

சாரிடம் சொல்லிவிட்டேன். “ரீடெஸ்ட்ல சரியாச்சுன்னு ஒரு லைன் போட்டா போறும். கிணத்தடி, ஃப்ரிட்ஜ் இதெல்லாம் எதுக்கு?” என்றார். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் நேற்று முன்தினம் அனுப்பினேன். நகல் இதோடு இருக்கிறது. மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார் என்று நினைக்கவில்லை.

14-ஆம் தேதி நீங்கள் வந்தபோது நான் சாவி வாங்கப் போயிருந்தேன். “அந்த நர்ஸம்மா வந்து ஒக்காந்திருந்தா. காப்பி குடுத்தேன். பொட்டிய மடிய விட்டு எறக்கவே இல்லை. கொஞ்ச நாழி பேசிண்டிருந்தோம்” என்று அம்மா சொன்னாள். அன்று முழுக்க நீங்கள் என்னோடு பேசவில்லை. குளிர் அறைக் கதவைச் சாத்தியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள். நான்கு நாள் கழித்து விசாரணையில் என்ன சொன்னீர்களோ என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன், சிஸ்டர். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.

சுப்ரியா


போனக்காடு
7 ஜனவரி 1998

சுப்ரியா,

விசாரணையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் இருந்தது, மருந்து நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். கிணற்றடி எனக்கு அப்போதே தெரியும். உன் அம்மா சூதுவாது இல்லாதவள். “எங்காத்து ஃப்ரிட்ஜுலயாவது வச்சிருப்போமே, போன தடவை இவ அப்பா திதியன்னிக்கு இதே மாதிரி ஒரு பொட்டி ரெண்டு நாளா கிணத்தடில வெயில்ல கெடந்துது, பாவம்” என்று காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள். அந்தக் காப்பியை அப்படியே வைத்துவிட்டேன்.

அதை அதிகாரியிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே மெமோ கிழிந்திருக்கும். ராஜபாய்க்குப் பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்க வேண்டும் என்ற வீம்பு. கிறிஸ்துமஸ் அன்றுகூட சபையில் உட்கார்ந்து, ‘இல்லை, அவள் சொல்ல மாட்டாள்’ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எனக்கு எதிரிகளாகத் தெரிந்தார்கள். பிறகு உன் தபால் வந்தது. படித்ததும் ஆத்திரம் போகவில்லை, அழுகைதான் வந்தது. எங்கள் பிள்ளைகளுடையது என்பதால் கை திறக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்.

நேற்று ஆர்டர் வந்தது. மெமோ ரத்து. 18-ஆம் தேதி சொட்டு நானே கொடுக்கலாம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டிசம்பரில் வராத ஆறு வீட்டுக்கும் போனேன். அம்மிணி வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். “மெமோ போச்சுண்ணா உங்களுக்குக் கொள்ளாம், நல்லதுதான், சிஸ்டரே. எனக்க கொச்சுக்கு என்ன கெடச்சு? மருந்து கெட்டதுண்ணு சொன்ன டாக்டரம்மா உண்டுல்லா, அவ வந்து எனக்க மொகத்தப் பாத்து நல்லதுண்ணு சொல்லட்டு” என்றாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் ஷிஜுவை இடுப்பிலிருந்து இறக்கவும் இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன், அவள் கேட்பதில் தப்பே இல்லை. நீ எழுதினது ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. லயத்துக்கு வரவில்லை. இங்கே யாரும் ரிஜிஸ்டர் தபால் படிப்பதில்லை. நான் சொன்னால் என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்பார்கள்.

அதனால் 17-ஆம் தேதி மத்தியான பஸ்ஸில் தம்பானூரில் ஏறி வா. என் குவார்ட்டர்ஸில் தங்கிக்கொள். காலையில் ஆறு வீடும் ஏறி இறங்க வேண்டும். பெட்டியை எங்கே வைத்தாய், ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை என்று ஆபீசுக்கு எழுதின மாதிரியே அவர்களிடமும் சொல்ல வேண்டும், ஒன்றையும் விழுங்காமல். அம்மிணி திட்டுவாள். அவளுடையது சின்ன வாய் இல்லை. நான் பக்கத்தில் நிற்பேன், குறுக்கே பேச மாட்டேன்.

அவள் திட்டி முடித்ததும் ஷிஜுவை நீ வாங்கி மடியில் வைத்து வாயைத் திறந்து பிடி. சொட்டை நான் விடுகிறேன்.

ராஜபாய்